வைக்கோல் போர்த்தாத குளிர்காலம்

அத்தியாயம் 9

காப்பிக் கோப்பைகளைக் கழுவிய தண்ணீரை ஆர்டிஸ் சிங்க்கில் விடவில்லை. பேசினில் பிடித்து, பின்கதவைத் தோளால் தள்ளித் திறந்து, பியோனிச் செடிகளின் அடியில் கொண்டுபோய்க் கொட்டினாள். மார்ச் மாதத்திலிருந்து இதுதான் வழக்கம். வீட்டில் யாருக்கு நல்ல காலமோ இல்லையோ, பியோனிக்கு நல்ல காலம். மொட்டுகள் கொத்துக் கொத்தாக விட்டிருந்தன.

திரும்பும்போது மகளின் கார் கண்ணில் பட்டது. பின் இருக்கை நிறையத் துணி. எல்லாவற்றுக்கும் மேலே கிர்ஸ்டனின் பச்சைக் கம்பளிக் கோட்டு. யாருக்காவது கொடுக்க எடுத்து வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு ஆர்டிஸ் உள்ளே போனாள்.

"ரெண்டு கோப்பைத் தண்ணிக்கு இவ்வளவு தூரம் நடக்கணுமாம்மா?" என்றாள் கிர்ஸ்டன். மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்த அவள் போன் முனகிக்கொண்டிருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

"ரெண்டு ரெண்டு கோப்பையாப் போனதுதான் அன்னிக்குக் குளியலறையில மிதந்துச்சு."

கிர்ஸ்டன் மூக்கைச் சுளித்தாள். ஆர்டிஸ் பேசினைத் துடைத்துக் கவிழ்த்தாள்.

"கீத் எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கார்."

வந்து இறங்கிய அன்றும் ஆர்டிஸ் மருமகனைப் பற்றி இதையே கேட்டாள். அன்றும் இதே பதில்தான்.

ஆர்டிஸின் கணவர் வெண்டல் பிப்ரவரியில் இறந்தார். மினசோட்டாவின் வடக்கு மூலையில் பிப்ரவரியில் யாரையும் புதைக்க முடியாது. மண் இரும்பாகக் கிடக்கும். ஆராதனையை முடித்து, பெட்டியைக் கல்லறைத் தோட்டத்துக் கல்கூடத்தில் வைத்துவிட்டு, நிலம் இளகும்வரை காத்திருப்பார்கள். தேவாலயத்தைச் சூடாக்கும் பாய்லர் அந்த வாரம் பார்த்துப் படுத்துக்கொண்டது. அதனால் துக்கச் சாப்பாடு வீட்டிலேயே நடந்தது. பக்கத்து மாநிலமான டக்கோட்டாவிலிருந்துகூடச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். போன வாரம்தான் குழி வெட்டி வெண்டலை இறக்கினார்கள். அதற்காக வந்த கிர்ஸ்டன் இன்னும் கிளம்பவில்லை.

இதற்கு நடுவில்தான் வீடு தொண்டையைச் செருமியது. குளியல் தொட்டியின் வாயில் ஒரு கொப்பளிப்பு. பிறகு கறுப்பாகத் தண்ணீர்.

வீட்டுக் கழிவு முதலில் தரைக்கடியில் உள்ள தொட்டிக்குப் போகும். கசடு அங்கே தங்கிவிடும். மேலே தெளிந்த தண்ணீர் ஓட்டைக் குழாய்கள் வழியாக முன்புல்வெளியின் கீழே பரவி மண்ணில் ஊறும். அந்த உறிஞ்சுநிலம், ஊர்ப் பேச்சில் ஃபீல்டு, குடிக்கிறவரை வீட்டில் யாரும் அதை நினைப்பதில்லை. குடிக்க மறுத்த நாளிலிருந்து வேறு எதையும் நினைக்க முடிவதில்லை. லாரி வந்து தொட்டியை உறிஞ்சிக்கொண்டு போகும், அடுத்த வாரமே நிறையும். ஆர்டிஸ் துணி துவைக்க டவுனுக்குப் போனாள். குளிக்க, ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் லைல் வீட்டுக்குப் போனாள். பனி கரைந்ததும் புல்வெளியில் ஒரு பட்டை மட்டும் மற்ற இடத்தைவிடப் பச்சையாகத் தெரிந்தது. கால் வைத்தால் சளசளத்தது. கிழக்குக் காற்று அடித்தால் ஜன்னலைச் சாத்த வேண்டியிருந்தது.

பழையதைச் சரிசெய்வதா, புதிதாகப் போடுவதா? இன்று முடிவு சொல்ல வேண்டும்.

"புதைச்சு முடிச்சாச்சுன்னு நினைச்சேன். இப்ப தோண்ட வேண்டியிருக்கு" என்றாள் ஆர்டிஸ்.

"அதுக்குத்தான் சொல்றேன். எதையாவது ஒட்டுப்போட்டுட்டு வீட்டை வித்துடு. செயின்ட் பால்ல எங்கேயாவது ஒரு நல்ல அபார்ட்மென்ட் பாக்கலாம். பொத்தானை அமுக்கினா தண்ணி போகும். எங்க போகுதுன்னு யாரும் கேக்க மாட்டாங்க."

"போற இடம் தெரியாம எனக்குப் போகாது."

கிர்ஸ்டன் சிரித்துவிட்டாள். வந்ததிலிருந்து முதல் சிரிப்பு.

*

கழிவுத்தொட்டி வேலை பார்க்கும் ட்வைட்டின் வண்டிக் கதவில் 'உங்கள் சங்கடம், எங்கள் சாப்பாடு' என்று எழுதியிருக்கும். பின்னால் டிரெய்லரில் சின்னத் தோண்டும் எந்திரம். வந்து நின்றதும் ஆர்டிஸ் வாசலுக்கு வந்தாள்.

"காப்பி சாப்பிடு, ட்வைட்."

"வேணாங்க்கா, இப்பதான் குடிச்சேன்."

"ஒரு வாய் குடியேன்."

"வேலை கிடக்குதுக்கா."

"போட்டு வெச்சுட்டேன். கீழே கொட்டவா?"

"அப்ப ஒரு அரைக் கோப்பை."

அந்த ஊரில் முதல் இரண்டு தடவை கேட்பது மரியாதைக்கு, மறுப்பதும் மரியாதைக்கு. மூன்றாவதுதான் நிஜமான கேள்வி. அரைக் கோப்பை என்றால் முழுக் கோப்பையும் இரண்டு துண்டு கேக்கும் என்று அர்த்தம்.

லைல் ஏற்கெனவே புல்வெளியில் நின்றிருந்தார். விடிந்ததும் வந்து, குழாய் போகிற வழியெல்லாம் சின்னக் குச்சி நட்டு வைத்திருந்தார். எழுபது வயதாகியும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படைக்கு வெகுகாலம் தலைவர். வெண்டலின் ஒரே தம்பி. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவருக்குச் சாப்பாடு இந்த வீட்டில்தான். ஆர்டிஸ் மருமகளாக வந்த வாரத்திலிருந்து அது தவறியதில்லை.

"தலைவரே, எனக்கு வேலையே மிச்சம் வைக்கலையே" என்றான் ட்வைட்.

"குழாய்தான்டா உடைஞ்சிருக்கு. வேற ஒண்ணும் இல்ல. நீ எந்திரத்தால மேல் மண்ணை எடு போதும். மத்ததை நான் பாத்துக்கறேன். இந்த ஃபீல்டை நானும் அண்ணனும்தான் போட்டோம். கிர்ஸ்டன் பொறந்த கோடையில. ஒவ்வொரு கல்லும் எனக்குத் தெரியும்."

"சித்தப்பா, கல்லுக்குப் பேரு வெச்சிருக்கீங்களா?" என்றாள் கிர்ஸ்டன், படியில் உட்கார்ந்தபடி.

"பெரிய கல்லு ஒண்ணு இருந்துச்சு, என் கால் மேல விழுந்தது. அதுக்கு வெச்ச பேரை உன் முன்னால சொல்ல முடியாது."

எந்திரம் புல்லைச் சுருட்டி எடுத்தது. கொஞ்ச ஆழத்தில் ட்வைட் நிறுத்திவிட்டு, மண்வெட்டியோடு இறங்கினான். லைலும் இறங்கினார். வெள்ளைக் குழாய் தெரிந்தது. நெடுக்கில் பிளந்து கிடந்தது. ட்வைட் முழங்காலிட்டு விரலை அந்தப் பிளவில் ஓட்டினான்.

"உறைஞ்சு வெடிச்சிருக்கு" என்றான். "ஏன்க்கா, வெண்டல் அண்ணன் வருஷா வருஷம் வைக்கோல் போடுவாரே. இந்தத் தடவை போடலையா?"

ஆர்டிஸ் கொட்டகைப் பக்கம் பார்த்தாள்.

ஒவ்வொரு அக்டோபரிலும் வெண்டல் இந்தப் பட்டை முழுக்க வைக்கோலைப் பிரித்துப் பரப்புவார். ரோட்டில் போகிறவர்கள் வண்டியை மெதுவாக்கி, "என்ன வெண்டல், புல்லைத் தூங்க வைக்கிறியா?" என்பார்கள். "தாலாட்டுதான் பாக்கி" என்பார் அவர். போன அக்டோபரில் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தது. வைக்கோல் கொட்டகையிலேயே இருந்தது. இப்போதும் இருக்கிறது.

"வைக்கோல் இல்லாட்டியும் பனி இருந்திருக்குமே" என்று ட்வைட் தனக்குத்தானே பேசுகிறவன்போலத் தொடர்ந்தான். "இந்த வருஷம் இடுப்பளவு விழுந்துச்சு. பனிதான் கம்பளி. அது மேல கிடந்தா அடியில குளிர் இறங்காது. இங்க பாத்தா, பனியே விழாத மாதிரி இவ்வளவு ஆழத்துக்கு..."

லைலின் மண்வெட்டி நின்றது.

ஆர்டிஸ் அதைப் பார்த்தாள். பார்க்காததுபோல் கையிலிருந்த துணியை மடித்தாள்.

"ஏன், அன்னிக்குக் கார் எல்லாம் இங்கதானே நின்னுச்சு!" என்றாள் கிர்ஸ்டன். "துக்கத்துக்கு வந்தவங்க கார். யாரோ பனியை வழிச்சு அழகா இடம் பண்ணியிருந்தாங்களே. ஓரமெல்லாம் கத்தியால வெட்டின மாதிரி. யாரு—"

"கிர்ஸ்டன், அடுப்புக்குள்ள கேக் இருக்கு. போய்ப் பாரு."

"கேக்கா? எப்ப வெச்சே?"

"பாருன்னா போய்ப் பாரு."

அவள் அம்மாவை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

ட்வைட்டுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் விளங்கியது. அவனும் அன்று அந்த வரிசையில் வண்டி நிறுத்தியவன்தான். கழுத்தைத் தேய்த்துக்கொண்டான். குழாய்க்கு அடியிலிருந்து ஒரு கைப்பிடி ஜல்லியை அள்ளிக் காட்டினான். கறுப்பாக, வழவழவென்று இருந்தது.

"பழசும்தான்க்கா. இதைப் பாருங்க, பால் அடிப்பிடிச்ச பாத்திரம் மாதிரி. இந்தக் கறுப்பு ஒரே குளிர்காலத்துல வந்ததில்ல. மண்ணு ரொம்ப நாளாவே திணறிக்கிட்டு இருந்திருக்கு."

"அப்ப எதனால போச்சு?" என்றார் லைல். "அதைச் சொல்லு."

"ரெண்டும் இருக்கலாம், தலைவரே."

"ரெண்டுல எது?"

"சத்தியம் பண்ணச் சொன்னா என்னால முடியாது."

லைல் மேலே ஏறினார். மண்வெட்டியைப் புல்லில் துடைத்தார், ஒரு தடவைக்கு நாலு தடவை. "கிழங்குப் பாத்தியில களை கிடக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

உருளைக்கிழங்கு போட்டு இன்னும் முளைகூடத் தலை காட்டவில்லை. அதற்குள் அங்கே ஏது களை?

*

ட்வைட் துளைக்கருவியோடு வீட்டைச் சுற்றி வந்தான். மண்ணைக் குடைந்து எடுத்து, உள்ளங்கையில் பிசைந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கொட்டகைப் பக்கம் சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டான களிமண். தண்ணீர் தேங்குகிற இடம். பின்பக்கம் அதைவிட மோசம். கடைசியாக ரோட்டோரக் கிழங்குப் பாத்திக்குப் போனான். போய்வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்தபோது அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"சொல்லு" என்றாள் ஆர்டிஸ்.

"ரெண்டு வழிதான்க்கா. ஒண்ணு, வெடிச்ச குழாயை எடுத்துட்டுப் புதுசு வைக்கிறது. தண்ணியைப் பிரிச்சு விடற பெட்டியையும் மாத்திடலாம். நீங்க ஒருத்தர், சிக்கனமாப் புழங்கினா ஓடலாம். ரெண்டு வருஷமோ, பத்து வருஷமோ. அடுத்த வசந்தத்துலயே மறுபடி மேல வரவும் வரலாம். அந்தக் கறுப்பு மண்ணை நான் நம்ப மாட்டேன்."

"இன்னொண்ணு?"

"புதுசாப் போடறது. நிலத்துக்கு மேலயே மணல் கொட்டி மேடு கட்டணும். பம்ப்பு வெச்சுத் தண்ணியை அதுக்குள்ள ஏத்தணும். உங்க காலத்துக்கும் கவலை இருக்காது. ஆனா நல்ல மண்ணு ஒரே இடத்துலதான் இருக்கு."

"கிழங்குப் பாத்தி" என்றாள் ஆர்டிஸ்.

"ஆமா."

அந்த மண்ணை அண்ணனும் தம்பியும் எத்தனையோ வருஷமாகச் சாணமும் இலையும் போட்டு ஆக்கியிருந்தார்கள். மே மாதத்தில் ஒரு நாள், ஒருவர் குழி போட்டுக்கொண்டே போக, மற்றவர் கிழங்குத் துண்டைப் போட்டுக்கொண்டே வருவார். பேச்சே இருக்காது. இந்த வருஷம் லைல் தனியாக, இரண்டு வேலையையும் தானே செய்ததை ஆர்டிஸ் ரோட்டோரம் நின்று பார்த்தாள்.

"இன்னும் ஒண்ணு கேக்கணும்" என்றான் ட்வைட். "மேட்டோட அளவு, சட்டப்படி, படுக்கையறைக் கணக்கை வெச்சுத்தான். இங்க எத்தனை?"

"மூணு."

"ஆள் படுக்கறது?"

"ஒண்ணுல."

"அப்ப மத்த ரெண்டையும் தையல் அறை, சாமான் அறைன்னு மாத்திக் காட்டினா மேட்டைச் சின்னதா முடிச்சுக்கலாம். பாத்தியில பாதி தப்பிக்கும். யோசிச்சு சாயந்தரத்துக்குள்ள சொல்லுங்க. இந்த ஊர் மொத்தமும் இந்த வருஷம் உறைஞ்சு போயிருக்கு. பட்டியல்ல பின்னால போனா, மறுபடி பனி விழுந்துரும்."

அவன் குழிக்கு வேலி கட்டப் போனதும் கிர்ஸ்டன் அடுப்பில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "அடுப்புக்குள்ள ஒண்ணும் இல்லையேம்மா."

"தெரியும்."

"சித்தப்பாதானா?"

ஆர்டிஸ் உருளைக்கிழங்கை வேகவைத்த பாத்திரத்தை வடித்தாள். வடித்த தண்ணீரைப் பேசினில் பிடித்தாள்.

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள் கிர்ஸ்டன் மெதுவாக.

*

மதியச் சாப்பாட்டுக்கு லைல் வரவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. இறைச்சியும் கிழங்கும் சேர்த்து வேகவைத்த தட்டு ஆறிக்கொண்டிருந்தது. கிர்ஸ்டன் ஜன்னலைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். ட்வைட் தன் பங்கைச் சாப்பிட்டுவிட்டு, எதிரே காலியாக இருந்த நாற்காலிக்கு மரியாதை செய்கிறவன்போலச் சத்தமில்லாமல் எழுந்து போனான்.

ஆர்டிஸ் வெண்டலின் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு இறங்கினாள். காலுக்குப் பெரியது. நடக்க நடக்கக் குதிகால் தனியாகப் பேசியது.

லைல் பாத்தி ஓரத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

"சாப்பிட வா" என்றாள்.

"பசியில்ல அண்ணி."

"ஆறிப் போகுது, வா."

"அப்புறமா வரேன்."

மூன்றாவது தடவை அவள் கேட்கவில்லை. பக்கத்தில் வேலிக் கட்டையில் சாய்ந்து நின்றாள். ரோட்டில் ஒரு பால் லாரி போனது. ஓட்டுநர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினார். இருவரும் ஒரு விரலைத் தூக்கினார்கள்.

"நான்தான் அண்ணி" என்றார் லைல்.

"தெரியும்."

"டக்கோட்டாக்காரங்க எல்லாம் வராங்க, கார் எங்க நிறுத்துவாங்கன்னு நினைச்சேன். அது மட்டும்தான் புத்தியில இருந்துச்சு. அண்ணன் வீட்டு வாசல் அன்னிக்கு ஒழுங்கா இருக்கணும். தீயணைப்புல இத்தனை வருஷம் எதை மிதிக்கலாம், எதை மிதிக்கக் கூடாதுன்னு ஊருக்கே பாடம் எடுத்தவன் நான்." கையை விரித்துப் பார்த்தார். "எந்த இடம்னு எனக்குத் தெரியாதா? நான் போட்ட குழாய்தானே. என் கையாலயே அதோட கம்பளியை உருவியிருக்கேன்."

"நான் ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

அவர் தலையைத் தூக்கினார். "பாத்தீங்களா? அப்ப ஏன் சத்தம் போடல?"

ஆர்டிஸ் வேலிக் கட்டையிலிருந்து ஒரு சிராயைப் பிய்த்தாள்.

"நீ அவரோட டிராக்டர்ல உக்காந்திருந்தே. அவரோட பழுப்புக் கோட்டைப் போட்டிருந்தே. பனி பறந்துக்கிட்டு இருந்துச்சு. பின்னாலேர்ந்து பாத்தா அவரேதான். திரும்பும்போது தோளை ஒரு மாதிரி சாய்ப்பீங்களே ரெண்டு பேரும். எனக்குக் கீழே என்ன இருக்குன்னு எங்க தோணும்? நீ சீக்கிரம் முடிச்சுடக் கூடாதேன்னு மட்டும்தான் இருந்துச்சு."

லைல் வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்க்காமல் ஆர்டிஸ் பாத்தியைப் பார்த்தாள். கோடு கோடாக, வகிடு எடுத்ததுபோல் இருந்தது.

அவர் பூட்ஸில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "குழாயை நான் மாத்திடறேன் அண்ணி. ட்வைட்டுகூட வேணாம். நாளைக்கே ஆரம்பிக்கறேன். ஒவ்வொண்ணா, பதமா. பழையபடி ஆக்கிடறேன்."

அந்தக் குரலைக் கேட்டதும்தான் ஆர்டிஸுக்கு முடிவு தெரிந்தது. அதுவரை அவளுக்கே தெரியாது. காலையிலிருந்து ட்வைட்டின் மண்ணும் மணலும் மண்டைக்குள் உருண்டுகொண்டிருந்தன. பழுது பார்த்தால் போதும், நான் ஒருத்திதானே, கிழங்குப் பாத்தியை ஏன் கெடுக்க வேண்டும் என்றுகூட ஒரு நினைப்பு இருந்தது.

"வேணாம்" என்றாள்.

"என்னால முடியும் அண்ணி."

"உன்னால முடியும். அதனாலதான் வேணாங்கறேன். நீ ஒட்டுப்போட்டுக் கொடுத்தா, குளிர்காலம் முழுக்க நான் இங்க அந்தத் தொட்டி கொப்பளிக்குதான்னு காது கொடுத்துக்கிட்டிருப்பேன். நீ ரோட்டுக்கு அந்தப் பக்கம் அதே மாதிரி படுத்துக்கிட்டிருப்பே. தண்ணி மறுபடி மேல வந்து, நான் குளிக்க வரும்போதெல்லாம் உன் முகம் வாடும். எத்தனை வருஷத்துக்கு? ஒரு கிழங்குப் பாத்திக்காகவா?"

"அண்ணன் மண்ணு."

"அண்ணன் மண்ணுதான். அவருக்கு ஒரு வேலை கொடுத்தா மாட்டேன்னு சொன்னதுண்டா? மணலைத் தாங்கட்டும்."

லைல் பாத்தியின் அந்தக் கோடிவரை பார்த்தார். "கிழங்கு போட்டுட்டேனே."

"இன்னும் முளைக்கல. எடுத்து வேற இடத்துல போடு."

"எங்க போடறது? பின்னால எல்லாம் களிமண்ணு." யோசித்தார். வாயோரம் லேசாக நெளிந்தது. "பழைய ஃபீல்டு மேல போட்டா நல்லா வரும். உரமெல்லாம் ஏற்கெனவே இருக்கு."

"போடு. ஆனா நீயே தின்னுக்கோ."

அவர் சிரித்தார். சிரிப்பு நடுவில் உடைந்தது. கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார், ஜலதோஷம் பிடித்ததுபோல. மே மாத வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

"அக்டோபர்ல மேட்டு மேல வைக்கோல் போடணும்" என்றாள் ஆர்டிஸ். "முதல் வருஷம் புல்லு சரியாப் பிடிக்காதாம், நல்லாக் கனமாப் போடணும்னு ட்வைட் சொல்றான். அது உன் வேலை. மறந்தா நான் திட்டுவேன்."

"எத்தனை கட்டு?"

"அவரு எண்ணிப் போட்டதா ஞாபகம் இல்ல. மண்ணு தெரியாத வரைக்கும்."

லைல் எழுந்தார். வாளியை நிமிர்த்தினார். கொட்டகையிலிருந்து மண் கிளறும் பெரிய முள்கரண்டியை எடுத்துவந்து, முதல் வரிசையில் பதமாக இறக்கி, ஒரு கிழங்குத் துண்டை வெளியே எடுத்தார். வெள்ளையாக ஒரு முளை, எலிவால் நுனிபோல. அதை ஒடியாமல் வாளிக்குள் வைத்தார்.

"சாப்பிட வரியா?" என்றாள் ஆர்டிஸ். இது மூன்றாவது.

"இந்த வரிசையை முடிச்சுட்டு வரேன்."

"இதைவிட மோசமா இருந்திருக்கலாம்" என்றாள் அவள். அந்தப் பக்கத்தில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஆலங்கட்டி மழைக்கும் சொல்கிற வார்த்தை அதுதான்.

"ஆமா, இருந்திருக்கலாம்" என்றார் லைல்.

*

ட்வைட் சமையலறை வாசலில் பூட்ஸோடு நின்றான். உள்ளே வர மறுத்துவிட்டான். கால் முழுக்கச் சேறு.

"புதுசாவே போட்டுடு" என்றாள் ஆர்டிஸ்.

அவன் தலையாட்டினான். கொஞ்சம் ஆச்சரியம்தான், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. அறைக்குள் மேசையில் லைல், ஆறிப்போன தட்டைச் சுடவைக்க விடாமல் அப்படியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கிர்ஸ்டன் சிங்க் முன்னால் முதுகைக் காட்டி நின்று, பேசினில் தட்டுகளை அலசிக்கொண்டிருந்தாள். சித்தப்பா உள்ளே வந்தபோது அவள் எதுவும் கேட்கவில்லை. அவருக்குப் பிடித்த ஊறுகாய் பாட்டிலை மட்டும் எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"அந்த அறைக் கணக்கு?" என்றான் ட்வைட்.

"ஒண்ணுன்னே போடு. நான் ஒருத்திதானே. ரெண்டு அறையையும் தையலுக்கும் சாமானுக்கும் விட்டுடறேன். லைலுக்குப் பாதிப் பாத்தியாவது மிஞ்சட்டும்."

"சரிக்கா, அப்ப ஒண்ணு—"

"மூணு."

சொன்னது கிர்ஸ்டன். திரும்பவில்லை. கை மட்டும் தண்ணீருக்குள் நின்றுவிட்டது.

ட்வைட் ஆர்டிஸைப் பார்த்தான். லைல் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"காலையில வித்துடுன்னு சொன்னே" என்றாள் ஆர்டிஸ்.

"காலையில சொன்னேன்." அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "மூணுன்னே போடுங்க, ட்வைட் அண்ணே. சித்தப்பா, உங்க பாத்தி முழுசாப் போயிடும். மன்னிச்சுக்குங்க."

"வாளியில நிறைய இடம் இருக்கு" என்றார் லைல்.

ட்வைட் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனான். எந்திரம் டிரெய்லரில் ஏறுகிற சத்தம் கேட்டது. லைல் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, இன்னும் நாலு வரிசை இருக்கிறது என்று இறங்கிப் போனார். அவருக்கு எப்போது எழுந்து போக வேண்டும் என்பது தெரியும்.

கிர்ஸ்டன் பேசினைத் தூக்கினாள். சிங்க்கில் ஊற்றவில்லை. பின்கதவைத் தோளால் தள்ளித் திறந்து, நிறைந்த தண்ணீர் தளும்பாமல், பியோனிப் பக்கம் நடந்தாள். ஆர்டிஸ் ஜன்னல் வழியே பார்த்தாள். மகளைத் தாண்டி நின்றது கார். பின்கண்ணாடியில் பச்சைக் கம்பளிக் கோட்டு. அதன் அடியில் பூட்ஸ். மே மாதத்தில் யார் குளிர்காலத்தை மூட்டை கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வருவார்கள்?

மேசையில் போன் மறுபடி முனகத் தொடங்கியது. ஆர்டிஸ் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. இரண்டு கோப்பையை எடுத்து வைத்துக் காப்பியை ஊற்றினாள். கிர்ஸ்டன் காலிப் பேசினோடு உள்ளே வந்து, கவிழ்த்து வைத்து, எதிரே உட்கார்ந்தாள்.

ஆர்டிஸ் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"கீத் எப்படி இருக்கான்?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்டாள்.